பிஸ்கட் விற்கலாம், கிரீம் கேக் கூடாது: வீட்டுச் சமையல் விற்பனை விதிகளுக்குப் பின்னால் உள்ள கணக்கு

வீட்டில் சமைத்து விற்க நினைப்பவர் விதிகளைத் தேடிப் படிக்கத் தொடங்கியதும் தலை சுற்றும். ஓரிடத்தில் பெயரைப் பதிவு செய்தால் போதும். இன்னோரிடத்தில் அதிகாரி வந்து பார்த்து உரிமம் கொடுக்க வேண்டும். வேறோரிடத்தில் பட்டியலில் உள்ள பொருள்களை மட்டும்தான் விற்கலாம். அந்தப் பட்டியலோ இன்னும் புதிராக இருக்கும். அதே அடுப்பில் அதே கை செய்த பிஸ்கட்டுக்கு அனுமதி உண்டு, கிரீம் கேக்குக்கு இல்லை. வினிகரில் ஊறிய காய்க்கு அனுமதி உண்டு, எண்ணெயில் ஊறிய பூண்டுக்கு இல்லை.

யாரோ ஓர் அதிகாரி தன் விருப்பத்துக்கு எழுதிவைத்தது போலத் தெரியும் இந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் தெளிவான ஒரு கணக்கு இருக்கிறது. சட்டத்துக்கு உங்கள் கைப்பக்குவத்தில் சந்தேகம் எதுவும் கிடையாது. அந்த உணவில் எவ்வளவு ஈரம், எவ்வளவு புளிப்பு, எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் இருக்கப்போகிறது, யார் சாப்பிடப்போகிறார்கள் என்றுதான் அது பார்க்கிறது. இந்தக் கணக்கு பிடிபட்டால் எந்த நாட்டு விதியைப் படித்தாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று புரியும். புதிதாக ஒரு தின்பண்டம் செய்ய நினைக்கும்போதே அதற்கு என்ன நிபந்தனை வரும் என்று ஊகித்துவிடலாம்.

வீட்டுக்குச் சமைப்பதும் விற்கச் சமைப்பதும்

"இத்தனை வருஷமாக வீட்டில் இதைத்தானே சாப்பிடுகிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதே உணவு விற்பனைக்குப் போகும்போது நான்கு விஷயங்கள் மாறிவிடுகின்றன.

1. நேரம். வீட்டில் அடுப்பிலிருந்து தட்டுக்கு வரப் பத்து நிமிடம். விற்கும் உணவு பொட்டலமாகி, வண்டியில் போய், வாங்கியவர் வீட்டு மேசையில் காத்திருந்து, சில சமயம் மறுநாள்தான் வாய்க்குப் போகிறது.

2. அளவு. நான்கு பேருக்கு வைக்கும் பாத்திரம் வேறு, அறுபது பேருக்கு வைக்கும் பாத்திரம் வேறு. குளிர்சாதனப் பெட்டியும் கழுவும் தொட்டியும் மட்டும் அதேதான்.

3. சாப்பிடுபவர். உங்கள் வீட்டில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று உங்களுக்குத் தெரியும். வாங்குபவர் கர்ப்பிணியா, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவரா, அதை அவர் ஒரு கைக்குழந்தைக்கு ஊட்டப்போகிறாரா என்பதெல்லாம் தெரியாது.

4. பார்வை. வாங்குபவர் உங்கள் சமையலறையைப் பார்ப்பதே இல்லை. அவருக்குப் பதிலாகப் பார்க்கத்தான் ஆய்வாளர் வருகிறார்.

எது விற்பனை என்பதிலும் குழப்பம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதி இதற்கு ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது: செயலில் தொடர்ச்சியும் ஓரளவு ஒழுங்கமைப்பும் இருந்தால் அது தொழில். எப்போதோ ஒரு விழாவுக்குச் செய்து கொடுத்தது இதில் வராது. வாராவாரம் ஆர்டர் எடுத்தால் வரும். "லாபம் பார்க்கவில்லை, அதனால் எனக்கு விதி இல்லை" என்று பலர் நினைக்கிறார்கள். அதே ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டுச் சட்டம், லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உணவுத் தொழில்தான் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கிருமிக்குக் கணக்குப் புத்தகம் தெரியாது என்பதால் இது சரியான நிலைப்பாடு என்றே நினைக்கிறேன்.

பதிவு, உரிமம், பட்டியல்: மூன்றும் வேறு

இந்த மூன்று சொற்களைக் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

பதிவு என்பது தெரிவிப்பது. "நான் இன்ன முகவரியில் இன்ன உணவு செய்து விற்கிறேன்" என்று அரசிடம் சொல்லிவைக்கிறீர்கள். பிரிட்டனில் தொழில் தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன் உள்ளாட்சி மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது, பதிவை மறுக்கவும் முடியாது. ஆனால் அதன்பின் ஆய்வாளர் வருவார்.

உரிமம் என்பது அனுமதி கேட்பது. அது கைக்கு வரும்வரை விற்கக்கூடாது. சில நாடுகளில் தொழிலின் அளவைப் பொறுத்து இது மாறும். இந்தியாவில் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்படி சிறு வணிகர்களுக்குப் பதிவு, அதற்கு மேல் வளர்ந்தவர்களுக்கு உரிமம். இரண்டிலும் கிடைப்பது 14 இலக்க எண்.

பட்டியல் முறை அமெரிக்காவில் பரவலாக இருக்கிறது. ஆபத்து குறைந்த சில உணவுகளை மட்டும் வீட்டில் செய்து விற்கலாம் என்று ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகச் சட்டம் போட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2013-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் விற்பவர்களை இரண்டாகப் பிரிக்கிறது: சாப்பிடுபவரிடம் நேரடியாகக் கொடுப்பவர்கள் ஒரு வகை, கடைகளுக்கும் உணவகங்களுக்கும் போடுபவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினரின் சமையலறைக்கு ஆய்வு கட்டாயம். காரணம் எளிது. நேரில் வாங்குபவர் உங்களிடம் கேள்வி கேட்கலாம்; கடை அலமாரியில் இருக்கும் பொட்டலத்திடம் கேட்க முடியாது.

இந்த எண்ணத்தை எல்லை வரை கொண்டுபோனது வயோமிங் மாநிலம். வாங்குபவருக்கு இது ஆய்வு செய்யப்படாத வீட்டுச் சமையல் என்று தெரிந்திருந்தால் போதும், பெரும்பாலான உணவுகளை உரிமம் இல்லாமலே நேரடியாக விற்கலாம் என்று 2015-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். எதிர்முனையில் இருந்தது நியூ ஜெர்சி. அங்கே வீட்டில் சுட்ட ரொட்டியும் பிஸ்கட்டும் விற்பதற்கே தடை. வீட்டு பேக்கர்கள் நீதிமன்றம் போய், பல ஆண்டுகள் போராடி, 2021-இல்தான் அது நீங்கியது.

நான்கு அளவுகள்

சரி, பட்டியலில் எது சேரும், எது சேராது என்பதை எது தீர்மானிக்கிறது? முதலில் ஒரு வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊசிப்போன உணவும் நோய் தரும் உணவும் ஒன்றல்ல. ஊசினால் வாடை வரும், நூல் நூலாக இழுக்கும், பூசணம் பூக்கும், நாக்கே சொல்லிவிடும். நோய் தரும் கிருமிகளில் பல எந்த வாடையும் சுவை மாற்றமும் தராமல் பெருகும். அதனால்தான் "முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது" என்பதைச் சட்டம் சான்றாக ஏற்பதில்லை.

முதல் அளவு ஈரம். இதை நீர்ச் செயல்பாடு என்பார்கள். உணவில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, கிருமிக்குக் கிடைக்கும்படி எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம். உப்பும் சர்க்கரையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜாம் ஈரமாக இருந்தும் கெடாமல் இருப்பது இதனால்தான். ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் 1950-களில் இந்த அளவைக் கிருமி வளர்ச்சியோடு பொருத்திக் காட்டினார். சுத்தமான தண்ணீர் 1 என்றால் பாலும் சமைத்த சோறும் கிட்டத்தட்ட அதே இடத்தில், 0.95-க்கு மேலே நிற்கும். தேன் ஏறத்தாழ 0.6. மொறுமொறுப்பான பிஸ்கட் அதற்கும் கீழே. பல நாட்டு விதிகளில் 0.85 என்ற எண் வரும். தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் மற்றக் கிருமிகளைவிட வறண்ட உணவிலும் வளரக்கூடியது. அதுகூட வளரத் திணறும் இடம் அது.

இரண்டாவது புளிப்பு, அதாவது பிஎச் அளவு. 7 என்றால் நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். இங்கே எல்லைக்கோடு 4.6. உணவு விதிகளில் அடிக்கடி வலம்வரும் எண் இது. அதற்குக் கீழே, நரம்புகளை முடக்கும் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமி வளர்ந்து நச்சு சுரக்க முடியாது. வினிகரில் ஊறிய காய் கோட்டுக்குக் கீழே, பூண்டும் காளானும் பீன்ஸும் மேலே. தக்காளி கிட்டத்தட்ட கோட்டிலேயே நிற்பதால் வகைக்கும் பழுத்த பக்குவத்துக்கும் ஏற்ப அங்கும் இங்கும் போகும். அதனால்தான் தக்காளியைப் புட்டியில் அடைப்பவர்கள் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்க்க வேண்டும் என்கிறார்கள்.

மூன்றாவது சூடு. உலகச் சுகாதார நிறுவனம் எளிமையாகச் சொல்கிறது: 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வையுங்கள், அல்லது 60 டிகிரிக்கு மேலே வையுங்கள். நடுவில் இருப்பது ஆபத்து மண்டலம். சமைக்கும்போது உணவின் நடுப்பகுதி 70 டிகிரியைத் தொட வேண்டும்.

நான்காவது நேரம். வசதியான சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். ஒன்றில் தொடங்கினால் 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் வெறும் 64தான். கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் எண்ணிக்கை எகிறுகிறது. சமைத்த உணவை அறைச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

இனி அந்தப் புதிர்ப் பட்டியலைத் திரும்பிப் பாருங்கள். பிஸ்கட்: ஈரம் இல்லை, கிருமிக்கு வழி இல்லை. கிரீம் கேக்: ஈரம் உண்டு, புளிப்பு இல்லை, குளிரில் வைத்தாக வேண்டும். வினிகர்க் காய்: ஈரம் இருந்தாலும் புளிப்பு காக்கிறது. ஈரக்குறைவோ புளிப்போ தானே காவல் காக்கும் உணவுகளுக்கு விதி தளர்வாக இருக்கிறது. சூட்டையும் நேரத்தையும் மனிதர் காவல் காக்க வேண்டிய உணவுகளுக்கு விதி இறுக்கமாக இருக்கிறது. பட்டியலின் முழு ரகசியமும் இவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. வறண்ட உணவில் கிருமி வளராது என்றால் அங்கே அது இல்லை என்று பொருளாகாது. சால்மோனெல்லா மாவிலும் கொட்டை வகைகளிலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். அதுபோலவே குளிர்சாதனப் பெட்டியும் முழுக் காவல் இல்லை. லிஸ்டீரியா அதற்குள்ளேயே மெதுவாக வளரும். கர்ப்பிணிகளுக்கு இது கருவையே பறிக்கும் அளவுக்குக் கொடியது.

எண்ணெயில் போட்ட பூண்டு

விதிப் பட்டியல்களில் இந்த ஒன்றின் மீது ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று பலருக்கும் புரிவதில்லை. எண்ணெய் கெடாமல் காக்கும் பொருள்தானே என்று நினைக்கிறோம். இதில் என்ன நடக்கிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

1. பூண்டு மண்ணுக்குள் விளைகிறது. போட்டுலிசக் கிருமியின் வித்துகள் மண்ணில் இயல்பாகவே இருக்கின்றன. வித்து என்பது கிருமி போர்த்திக்கொண்டு உறங்கும் நிலை. அதைக் கழுவி முழுதாக நீக்க முடியாது.

2. இந்த வித்துகளைக் கொதிநீர் கொல்லாது. அதற்கு 121 டிகிரியில் சில நிமிடங்கள் வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகவே போகாது. எத்தனை மணி நேரம் கொதிக்கவைத்தாலும் அந்தச் சூடு கிடைக்காது.

3. இந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை. உள்ளே பூண்டின் ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை. உறங்கும் வித்து விழிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. எண்ணெய் பூண்டைக் காக்கிறது என்று நாம் நினைக்கும்போது அது உண்மையில் கிருமியைக் காற்றிலிருந்து காக்கிறது.

4. சுரக்கும் நச்சு நரம்புகளை முடக்கும். பார்வை இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகளும் நின்றுபோகலாம். வாடை இல்லை, நுரை இல்லை.

1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு போட்டுலிசம் வந்தது. குளிரில் வைக்காத, எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். 1989-இல் நியூயார்க் மாநிலத்திலும் அதே பொருளால் சிலர் பாதிக்கப்பட்டனர். அதன்பிறகே கடையில் விற்கும் பூண்டு எண்ணெயில் அமிலம் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. ஒரு விதி அசட்டுத்தனமாகத் தெரிந்தால் அதன் பின்னால் இப்படி ஒரு மருத்துவமனை வார்டு இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

புளிப்பில்லாத காய்கறி, இறைச்சி, பருப்புக் குழம்பு ஆகியவற்றை ஜாடியில் அடைத்து மூடி வெளியே வைத்து விற்க வீட்டுச் சமையலறைகளுக்கு ஏறத்தாழ எங்குமே அனுமதி இல்லாததற்கும் இதே காரணம்தான்.

பெரிய பாத்திரம் ஆறுவதில்லை

வீட்டிலிருந்து சாப்பாடு விற்பவர்களிடம் நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான். ஏனென்றால் இங்கே தவறு நடப்பது கவனக்குறைவால் இல்லை, இயற்பியலால்.

சூடு பாத்திரத்தின் மேற்பரப்பு வழியாகத்தான் வெளியேறுகிறது. பாத்திரம் பெரிதாகும்போது உள்ளே இருக்கும் உணவு பெருகும் வேகத்துக்கு மேற்பரப்பு பெருகுவதில்லை. இரண்டு லிட்டர் குழம்பு சீக்கிரம் ஆறிவிடும். அதே குழம்பு இருபது லிட்டர் என்றால், மேலே தொட்டால் ஆறியது போல இருக்கும், நடுப்பகுதி இரவு முழுக்க ஆபத்து மண்டலத்திலேயே கிடக்கும்.

சோற்றில் இது இன்னும் நுட்பமானது. பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியில் இருக்கும், வேகும்போது சாகாது. சோறு மெதுவாக ஆறும்போது விழித்துப் பெருகி நச்சு சுரக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கிருமி செத்துப்போகும், அது விட்டுச்சென்ற விஷம் அப்படியே இருக்கும். ஸ்டெஃபிலோகாக்கஸின் நச்சும் அப்படித்தான். "திரும்பக் கொதிக்கவைத்துவிட்டால் எல்லாம் சரி" என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது.

அமெரிக்க உணவு விதித்தொகுப்பு இதற்கு இரண்டு படிகள் வைத்திருக்கிறது. 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் வர வேண்டும். மொத்தம் 6 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு இறங்க வேண்டும். முதல் படி குறுகலாக இருப்பதற்குக் காரணம், அந்த இடைவெளியில்தான் கிருமிகள் மிக வேகமாகப் பெருகும். வீட்டில் இதைச் செய்யும் வழி: பெரிய பாத்திரத்திலிருந்து அகலமான, ஆழம் குறைந்த தட்டுகளுக்கு மாற்றுவது, பனிக்கட்டி போட்ட தண்ணீரில் பாத்திரத்தை இறக்கிக் கிளறுவது. கொதிக்கக் கொதிக்க முழுப் பாத்திரத்தையும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளினால் அதுவும் ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும்.

ஒரு நாளைக்கு இத்தனை சாப்பாடுதான் விற்கலாம் என்ற உச்சவரம்பும் இங்கிருந்துதான் வருகிறது. வீட்டிலிருந்து முழுச் சாப்பாடு விற்கக் கலிஃபோர்னியா 2018-இல் கொண்டுவந்த சட்டம், தொடக்கத்தில் நாளொன்றுக்கு 30, வாரத்துக்கு 60 என்று வரம்பு வைத்தது. சமைத்த அன்றே கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னது. வீட்டுச் சமையலறை பத்திரமாக ஆறவைத்துச் சேமிக்கக்கூடிய அளவு குறைவு. ஆகவே சேமிக்கவே வேண்டாம், சுடச்சுடக் கொடுத்துவிடுங்கள் என்பது அதன் தர்க்கம்.

ஒரு உணவு வெப்பமானி வாங்கிவைப்பதைவிடப் பயனுள்ள முதலீடு இந்தத் தொழிலில் எனக்குத் தெரியவில்லை. அழகான பெட்டிகளுக்கும் அச்சிட்ட ஒட்டிகளுக்கும் முன்னால் வாங்க வேண்டியது அது.

சமைப்பவரின் உடம்பு

1900-களின் தொடக்கத்தில் நியூயார்க் பகுதியில் மேரி மாலன் என்ற சமையல்காரர் பணக்காரக் குடும்பங்களின் வீடுகளில் வேலை பார்த்தார். அவர் போன வீடுகளில் பெரும்பாலானவற்றில் டைஃபாய்டு வந்தது. அவருக்கு மட்டும் காய்ச்சல் இல்லை. நோயின் அறிகுறி ஒன்றுமே இல்லாமல் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தார் என்று 1907-இல் கண்டறிந்தார்கள். தனிமைப்படுத்தி வைத்திருந்து, இனிச் சமைப்பதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு 1910-இல் விடுவித்தார்கள். 1915-இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு டைஃபாய்டு வந்தபோது, அங்கே வேறு பெயரில் சமைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். நல்ல ஆரோக்கியமாக இருக்கிற என்னைப் போய்ச் சந்தேகப்படுகிறார்களே என்று அவர் கடைசிவரை நம்பினார். வேறு பிழைப்பு கிடைக்காத ஒரு பெண்ணின் துயரமும் அதில் இருக்கிறது.

இன்று சில நாடுகளில் உணவைக் கையாள்பவர்களுக்கு மருத்துவச் சான்றும் தடுப்பூசியும் கேட்பது இந்த வரலாற்றின் தொடர்ச்சி. ஆனால் ஆண்டுக்கு ஒரு சான்றிதழைவிட அன்றாடப் பழக்கம்தான் அதிகம் காக்கும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால், நின்றபிறகும் 48 மணி நேரம் சமைக்கக்கூடாது. வீட்டுச் சமையல்காரருக்கு இது கடினம். மாற்று ஆள் கிடையாது, ஆர்டரை ரத்து செய்தால் பணம் போகும். இருந்தாலும் இதில் சலுகை எடுக்க வழியில்லை. நோரோ வைரஸ் மிகச் சிறிய அளவிலேயே தொற்றிவிடும். ஒருவர் கையிலிருந்து அன்றைய ஆர்டர் முழுவதற்கும் போகும்.

லேபிள் யாருக்காக?

லேபிளை விளம்பரத் தாள் என்று நினைப்பவர்கள் அதிகம். அதைக் கூர்ந்து படிப்பவர் ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாயாக இருக்கலாம். இதுவரை சொன்ன ஆபத்துகளில் கிருமி பெருக நேரம் வேண்டும். ஒவ்வாமைக்கு ஒரு வாய் போதும்.

ஐரோப்பிய ஒன்றியம் 14 ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 8 இருந்தது; 2023 முதல் எள்ளும் சேர்ந்து 9 ஆனது. பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, வேர்க்கடலை, மரக்கொட்டைகள், கோதுமை, சோயா ஆகியவை இரண்டிலும் இருக்கின்றன. பிரிட்டனில் 2021 அக்டோபர் 1 முதல், செய்யும் இடத்திலேயே பொட்டலம் கட்டி விற்கும் உணவுக்கும் முழுச் சேர்மானப் பட்டியல் கட்டாயம். ஒவ்வாமைப் பொருள்கள் தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ பளிச்சென்று தெரிய வேண்டும். லேபிளில் எள் குறிப்பிடப்படாத ஒரு சாண்ட்விச்சைச் சாப்பிட்டு ஒரு பதின்வயதுப் பெண் இறந்ததைத் தொடர்ந்து வந்த சட்டம் இது.

எங்கு வாழ்ந்தாலும் லேபிளில் பெரும்பாலும் கேட்கப்படுபவை: உணவின் பெயர், எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் சேர்மானங்கள், ஒவ்வாமைப் பொருள்கள், நிகர எடை, தேதி, எப்படி வைக்க வேண்டும், செய்தவர் பெயரும் முகவரியும். வீட்டுச் சமையலறையில் செய்தது என்று குறிப்பிடவும் சில இடங்களில் சொல்கிறார்கள். வீட்டு முகவரியை அச்சிடத் தயங்கும் பெண்களின் அச்சம் உண்மையானது; அதைப் புரிந்துகொண்டு முகவரிக்குப் பதில் பதிவு எண்ணை ஏற்கும் சில அமெரிக்க மாநிலங்களின் வழியை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே மூன்று இடங்களில் தவறு நடக்கிறது.

1. சேர்மானத்துக்குள் சேர்மானம். நீங்கள் போட்டது சாக்லேட். அந்த சாக்லேட்டுக்குள் பாலும் சோயாவும் இருக்கின்றன. வாங்கிய பொருளின் லேபிளைப் படித்து உங்கள் லேபிளில் ஏற்ற வேண்டும். கடையில் வழக்கமான பிராண்டு இல்லை என்று வேறொன்று வாங்கினால் மறுபடி படிக்க வேண்டும்.

2. பொதுக் கரண்டி. வேர்க்கடலை அரைத்த மிக்ஸி ஜாரைக் கழுவிவிட்டு அடுத்ததை அரைத்தாலும் சுவடு தங்கலாம். ஒரே சமையலறையில் எல்லாம் நடப்பதால் "இதில் வேர்க்கடலை துளியும் இல்லை" என்று வீட்டிலிருந்து உறுதி கொடுப்பது மிகப் பெரிய வாக்கு. பெரும்பாலான வீடுகளில் அதைக் காப்பாற்ற முடியாது. முடியாது என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லிவிடலாம்.

3. போனில் எடுக்கும் ஆர்டர். பொட்டலம் வந்தபிறகு லேபிளைப் படிப்பது தாமதம். ஐரோப்பிய விதிப்படி வாங்க முடிவெடுக்கும் முன்பே ஒவ்வாமைத் தகவல் கிடைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் விலைப்பட்டியலிலேயே அதைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

தேதியிலும் இரண்டு வகை உண்டு. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்பது பாதுகாப்பு சார்ந்தது. தாண்டினால் தூக்கிப்போட வேண்டும். "இந்தத் தேதிக்கு முன் சிறந்தது" என்பது சுவையும் மொறுமொறுப்பும் சார்ந்தது. கிரீம் வைத்த உணவுக்கு இரண்டாவதைப் போடுவது ஆபத்தான தவறு.

வீடு என்பதால் வரும் நிபந்தனைகள்

ஐரோப்பிய ஒன்றிய விதியில் வீடுகளையும் தற்காலிகக் கடைகளையும் சேர்த்து ஒரு தனிப் பகுதி இருக்கிறது. உணவகத்துக்குக் கேட்கும் கட்டுமானத்தை வீட்டில் கேட்பதில்லை. கை கழுவ வசதி, சுத்தம் செய்யக்கூடிய மேற்பரப்பு, போதுமான நல்ல தண்ணீர், கழிவுக்கு வழி, உணவைச் சரியான சூட்டில் வைக்க ஏற்பாடு ஆகியவற்றைக் கேட்கிறார்கள். ஆய்வாளர் வந்தால் பார்ப்பவையும் ஏறத்தாழ இவைதான்: வளர்ப்பு விலங்குகள் சமைக்கும் நேரத்தில் எங்கே இருக்கின்றன, பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை இருக்கிறதா, கிணற்றுத் தண்ணீர் என்றால் பரிசோதனை செய்தாயிற்றா.

உணவுத் துறையின் அனுமதி கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக்கூடாது. வாடகை ஒப்பந்தம், குடியிருப்புச் சங்கத்தின் விதிகள், குடியிருப்புப் பகுதியில் தொழில் செய்வது குறித்த உள்ளாட்சி விதி, வீட்டுக் காப்பீடு, வரி என்று ஒவ்வொன்றும் தனி வாசல். காப்பீட்டை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சாதாரண வீட்டுக் காப்பீடு வணிகச் சமையலால் வரும் தீ விபத்தையோ ஒருவருக்கு ஏற்பட்ட நோய்க்கான இழப்பீட்டையோ ஏற்காமல் போகலாம். பாலிசித் தாளை எடுத்துப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

விதி எங்கே மிகையாகிறது

எல்லா விதியும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்ன நான்கு அளவுகளை வைத்தே விதிகளையும் எடைபோடலாம். வறண்ட பிஸ்கட்டுக்கு ஒவ்வொரு வகைக்கும் ஆய்வக அறிக்கை கேட்பது ஆபத்துக்கு ஒவ்வாத சுமை. நியூ ஜெர்சியின் பழைய தடை எந்தக் கிருமியையும் தடுக்கவில்லை; வீட்டுப் பெண்களின் வருமானத்தைத்தான் தடுத்தது. பெரிய ஆலைக்கும் மாதம் நாற்பது ஆர்டர் எடுப்பவருக்கும் ஒரே கட்டணம் வைத்தால், சிறியவர் பதிவே செய்யாமல் ஒளிந்து விற்பார். அப்போது ஆய்வாளருக்கும் அவரைத் தெரியாது, வாங்குபவருக்கும் பாதுகாப்பு இல்லை. இலவசப் பதிவு, தாய்மொழியில் ஒரு நாள் பயிற்சி, பிறகு உணவின் ஆபத்துக்கேற்ற கண்டிப்பு என்பது மக்களையும் காக்கும், தொழிலையும் காக்கும். ஒவ்வாமைத் தகவலிலும் ஜாடியில் அடைக்கும் உணவிலும் மட்டும் எந்தத் தளர்வும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு நோட்டுப் புத்தகம்

கடைசியாக ஒன்று, விதிப் புத்தகங்களில் தடம் காணல் என்ற பெயரில் இருப்பது. ஒவ்வொரு உணவுத் தொழிலும் பொருளை எங்கிருந்து வாங்கியது, யாருக்குக் கொடுத்தது என்று ஒரு படி பின்னும் ஒரு படி முன்னும் சொல்லத் தெரிய வேண்டும். கடைக்கோ உணவகத்துக்கோ போடாமல் சாப்பிடுபவரிடமே நேராகக் கொடுப்பவர் வாங்கியவர் பெயரை எழுத வேண்டும் என்று பொதுவாகக் கட்டாயம் இல்லை. ஆனாலும் எழுதிவைத்தால் உதவும். ஒரு நோட்டில் ஒரு வரி போதும்: தேதி, என்ன செய்தது, எந்தக் கடையின் எந்தப் பொருள், சமைத்து முடிந்தபோது எத்தனை டிகிரி, யார் யார் வாங்கினார்கள்.

"உங்கள் உணவைச் சாப்பிட்ட பிறகு வாந்தி" என்று ஒரு நாள் போன் வந்தால், செய்ய வேண்டியவற்றின் வரிசை இது. அவரை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். பார்வை மங்கல், விழுங்கச் சிரமம் என்றால் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு. அதே நாளில் செய்ததை விற்பதை நிறுத்துங்கள். நோட்டைப் பார்த்து அன்று வாங்கிய மற்ற எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளூர்ச் சுகாதார அதிகாரிக்கு நீங்களே தெரிவியுங்கள். பயத்தில் மீதி உணவைக் கொட்டிவிடாதீர்கள். மூடி, "சாப்பிடக்கூடாது" என்று எழுதி ஒட்டிக் குளிரில் வையுங்கள். காரணம் உங்கள் உணவா, அவர் அன்று வேறெங்கோ சாப்பிட்டதா என்பதை ஆய்வகம் சொல்ல அந்த ஒரு கிண்ணம் தேவைப்படும்.